ஏ முதல் எம் வரை

என்னிடம் இருந்தது முதல் பாகம் மட்டும்தான். அந்தக் காலத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூர் மார்க்கெட் நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சட்டப் புத்தகங்களுக்கும் ஊசி இல்லாத ஒரு கிராமபோனுக்கும் நடுவில் கிடந்தது அந்த அகராதி. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் எங்கிருந்து வந்தது, முதலில் அதற்கு என்ன பொருள், எத்தனை வாய்களில் புகுந்து இப்படி ஆயிற்று என்று சொல்லும் தடிப் புத்தகம். இரண்டு பாகங்களில் முதலாவது. ஏ முதல் எம் வரை. இரண்டாவது எங்கே என்று கேட்டேன். "வந்தா சொல்லி அனுப்பறேன் சாமி" என்றார் கடைக்காரர். என் விலாசத்தை அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

மயிலாப்பூருக்கு டிராமில் திரும்பும்போதே படிக்க ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூலில் பெரிய வகுப்புகளுக்கு இங்கிலீஷ் வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆனர்ஸ் படித்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கு ஒரு நாளும் மறக்காது, மற்றவர்களையும் மறக்க விடமாட்டேன். சக ஆசிரியர்கள் ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லி அதற்கு மூலம் என்ன என்று கேட்பார்கள். எம் வரைக்குள் இருந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டு போய், பிறந்தபோதே தெரிந்தவன் மாதிரி சொல்வேன். எம்மைத் தாண்டிவிட்டால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அதில் பண்டிதர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது" என்பேன். பாதி இங்கிலீஷில் பண்டிதர்களுக்குள் ஒற்றுமை இல்லாமலிருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோது என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பில் பூகோளம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். சாந்தோம்காரர். மாதா கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா வாத்தியார், அண்ணன் வாத்தியார், தங்கை கன்னிகாஸ்திரீ மடத்துப் பள்ளியில் டீச்சர். இவர் ஸ்கூல் பைனலும் டிரெயினிங்கும் முடித்துவிட்டுச் சின்ன வகுப்புகளுக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒருவரையொருவர் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆனால் அவர் சொல்லும் சாரில் மரியாதை இருக்கும், என்னுடையதில் பழக்கம் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு மூங்கில் தட்டிதான். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் பூகோளப் புத்தகத்தை மூடிவிட்டு ஏதாவது ஓர் இங்கிலீஷ் சொல்லை எடுப்பார். மஸில் என்றால் லத்தீனில் குட்டி எலி; கையை மடக்கினால் தோலுக்குக் கீழே ஓர் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதா இல்லையா, மடக்கிப் பாருங்கள் என்பார். அறுபது கைகள் மடங்கும். சிரிப்பு தட்டியைத் தாண்டி வரும். இந்தப் பக்கம் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன். என் வகுப்பு மொத்தமும் காதைத் தட்டியில் வைத்துவிட்டு முகத்தை மட்டும் என்னிடம் காட்டிக்கொண்டிருக்கும். சிலர் மேஜைக்குக் கீழே கையை மடக்கிப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். வயிறு எரியும். அப்போது அதற்கு நான் வைத்த பெயர் ஒழுக்கத்தில் அக்கறை.

அவருக்கு அகராதி ஒன்றும் கிடையாது. கோயிலில் இருந்த ஒரு கிழ ஐரோப்பியப் பாதிரியார், துறைமுகத்தில் வேலை செய்த மாமா, பேப்பரில் வரும் துணுக்கு, யாரோ எங்கோ சொன்னது என்று கிடைத்த இடத்திலெல்லாம் பொறுக்கிக்கொள்வார். அதனால் நல்லதும் இருக்கும், சொத்தையும் இருக்கும். நியூஸ் என்றால் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் முதலெழுத்து என்று அவர் தட்டிக்கு அந்தப் பக்கம் சொன்ன அன்று, இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்கும் வருவார். ரேழியில் ஒரு நாற்காலி போடுவோம். அவருக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் தனியாக மாடத்தில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. நான் வெட்கப்பட்டதும் இல்லை. அதெல்லாம் பின்னால்தான் வந்தது. ஒருநாள் என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகரும்போது, "அம்மா, லேடின்னா இன்னா அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். அவள் நிலைப்படியில் நின்றாள். "ரொட்டி மாவு பெசையறவ. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதான் அர்த்தம். லார்டுன்னா ரொட்டிக்குக் காவல் இருக்கறவன். அவ்ளோதான். மீதி எல்லாம் அப்புறம் வந்த பவுசு."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ நானும் லேடிதான்னு சொல்லுங்கோ. தெனம் கோதுமை மாவு பிசைஞ்சுண்டுதானே இருக்கேன்" என்றாள். அது ரேஷன் காலம். அரிசி குறைந்து எங்கள் வீட்டில் சப்பாத்தி நுழைந்திருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் நல்ல குஷியில் இருந்தாள். அவர் போனபிறகு நான் முதல் பாகத்தை எடுத்து எல் எழுத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்கு முன்பே, யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது நானும் குடும்பத்தைக் கும்பகோணம் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அகராதியை வேஷ்டியில் சுற்றி எடுத்துப் போனேன். அவர் போகவில்லை. விமானத் தாக்குதல் பாதுகாப்புப் படையில் ஏ.ஆர்.பி. வார்டனாகச் சேர்ந்து, தலையில் தகரத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக வீடு வீடாகப் போய், வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பீதி அடங்கி நாங்கள் திரும்பி வந்தபோது என் வீட்டு ஜன்னலிலும் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. அவரே ஒட்டியிருக்கிறார். "காத்தோட கண்ணைக் கட்டிட்டேன் சார்" என்றார். நான் புரியாமல் பார்த்தேன். விண்டோ என்றால் காற்றின் கண் என்று அர்த்தமாம், பாதிரியார் சொன்னாராம். என் மனைவி, "என்ன அழகா இருக்கு!" என்றாள். டபிள்யூ என் பாகத்தில் இல்லை.

அதற்கு அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் புத்தகம் எழுதுகிற விஷயம் தெரிந்தது. தினமும் புழங்கும் இங்கிலீஷ் சொற்களின் கதை, தமிழில், சின்னப் பிள்ளைகளுக்காக. காகிதம் தங்கம் விற்கிற விலை. பழைய பரீட்சை விடைத்தாள்களைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி அவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். ஒரு பக்கம் யாரோ ஒரு பையன் எழுதிய நைல் நதியின் உற்பத்தி ஸ்தானம். திருப்பினால் இவருடைய முத்து முத்தான கையெழுத்தில் பிரெக்பாஸ்ட்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை மிஷினோடு ஓர் அச்சகம் இருந்தது. அதன் முதலாளி அவருக்குத் தெரிந்தவர். பள்ளிக்கூடப் புத்தகம் என்றால் கோட்டாவில் காகிதம் வாங்கலாம், ஆனால் மே மாதக் கடைசிக்குள் எல்லாம் தயாராகி மனு போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. இங்கிலீஷில் பெரிய படிப்புப் படித்த ஒருவர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று முன்னுரை எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் மனுவை ஆபீசில் தொடமாட்டார்கள். ஆக, நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அவருடைய புத்தகம் வரும். கொடுக்காவிட்டால் வராது. விஷயம் அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம், வருஷப் பரீட்சை முடிந்த வாரம், சணல் கயிற்றால் கட்டிய கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும் சார். தப்பு எதுனா கண்ணுல பட்டா சொல்லுங்க, மாத்திக்கலாம். பதினஞ்சு வருசமா சேத்து வெச்சுக்கினு கீறேன்" என்றார். சொல்லும்போது கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் இழுத்துக்கொண்ட பிறகுதான் விட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வாத்தியார்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

என் மேஜையில் அப்போது திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மலையாகக் குவிந்திருந்தன. மை மாத்திரையைக் கரைத்துச் செய்த சிவப்பு மை தயாராக இருந்தது. ஒரு கட்டை முடித்து அடுத்த கட்டு என்று போய்க்கொண்டிருந்தவன் இவருடைய கட்டையும் அதே பேனாவோடு பிரித்தேன். நியூஸ் பக்கம் மேலாகவே இருந்தது. அது தவறு என்று காலேஜிலேயே எனக்குத் தெரியும். குறுக்கே ஒரு கோடு. பட்டர்பிளை என்பது பிளட்டர்பை என்பதன் திரிபு என்று எழுதியிருந்தார். பி எழுத்தைப் பார்த்தேன், தவறு, ஒரு கோடு. முதலில் நியாயமாகத்தான் செய்தேன். ஒவ்வொன்றையும் முதல் பாகத்தில் தேடி, சரி என்றால் விட்டுவிட்டு, தவறு என்றால் அடித்தேன். பிறகு கைக்கு ஒரு சூடு ஏறிவிட்டது. எம்மைத் தாண்டிய சொற்கள் வந்தன. பார்ப்பதற்குப் புத்தகம் இல்லை. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ரைவல் என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்கள் என்று எழுதி, பக்கத்திலேயே நம் மாட வீதிக் குழாயடியில் காலை ஐந்து மணிக்கு நடக்கும் சண்டையை நாலே வரியில் எழுதியிருந்தார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது பிடிக்காமல் ‘கற்பனை’ என்று எழுதி அடித்தேன். பிறகு விண்டோ. அது ஒரு முழுப் பக்கம். நம்மவர்கள் பழந்தமிழில் ஜன்னலைக் காலதர் என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணி என்றும் சொன்னார்கள். பல கண் உடையது. எங்கோ வடகடல் ஓரத்தில் குளிரில் இருந்தவன் காற்றின் கண் என்று பெயர் வைத்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, கேட்டதில்லை. ஆனாலும் சுவரில் ஒரு பொத்தலைப் போட்டுவிட்டு அதில் காற்றையும் கண்ணையும் வைத்தார்கள். இன்று நாம் சொல்லும் ஜன்னலோ போர்ச்சுக்கீசியக் கப்பலில் வந்து எங்கள் சாந்தோம் கரையில் இறங்கிய சொல். இவ்வளவுதான் அந்தப் பக்கம். மறுபக்கத்து விடைத்தாளின் மை ஊறி அந்த எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. இரண்டு முறை படித்தேன். ஆனர்ஸ் படித்த எனக்கு, இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு, இது ஏன் தோன்றவில்லை என்று நெஞ்சில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடுதான் மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை கோடு போட்டேன். ‘ஆதாரம் இல்லை’ என்று ஓரத்தில் எழுதினேன்.

கடைசிப் பக்கம் வந்ததும் என் கை தானாகவே மேலே போய் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று எழுதியது. வேடிக்கையாகத்தான் எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, மே மாதம் பாதி தாண்டியபிறகு, பள்ளிக்கூடத்தில் மார்க்கு லிஸ்ட் போட எல்லோரும் கூடிய அன்று ஆசிரியர் அறையில் வைத்து அவரிடம் கொடுத்தேன். வீட்டில் கொடுத்திருக்கலாம். நாலு பேர் எதிரில் கொடுக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவர் கட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. உடனே சிரித்தார்.

"முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். நான் பாஸாயிட்டேன் சார்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு பின்பக்கம் வரை ஊறியிருந்தது. விண்டோ பக்கத்தில் அவர் விரல் நின்றது. 

"இதுவுமா தப்பு?"

"அழகாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது சார்" என்றேன். அந்த வாக்கியம் எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

"உங்க பெரிய புஸ்தகத்துல பாத்தீங்களா சார்?"

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் இரண்டாம் பாகம் இல்லை, பார்க்கவில்லை, என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சுற்றி நாலு பேர் இருந்தார்கள்.

"பார்த்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள், முன்னுரை தருகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அதற்கு இரண்டு வாரம்கூட இல்லை. மே போயிற்று. அச்சகக்காரர் அந்தக் காகிதத்துக்கு வேறு மனு போட்டு வாய்ப்பாடு அடித்துவிட்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் காது தானாகத் தட்டிப் பக்கம் போயிற்று. அவர் இமயமலையின் ஆறுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடிக்கும்வரை ஆறுகளையே சொன்னார். மறுநாளும் அப்படித்தான். யாரோ ஒரு பையன், "சார், கதை சார்" என்று கேட்டான். "அதெல்லாம் சரியாத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. என் வகுப்பு இப்போது என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டது அதுதானே? ஒரு வாரம்கூட எனக்கு அது சகிக்கவில்லை.

அந்த வருஷம் தியாகராய நகரில் ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் வீட்டுக்கு டியூஷன் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். பனகல் பார்க் பக்கம் பெரிய வீடு. கூடத்தில் கண்ணாடி அலமாரி. போன முதல் நாளே பார்த்துவிட்டேன்: என் அகராதி, அதே தோல் அட்டை, இரண்டு பாகமும் பக்கத்தில் பக்கத்தில். பல வாரம் அதன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வக்கீலே, "என்ன அதையே பார்த்துண்டிருக்கேள்? எடுத்துப் பாருங்கோ, அது தூங்கிண்டிருக்கு" என்றார். பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு அவருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

எடுத்தேன். டபிள்யூவைத்தான் முதலில் திருப்பினேன். அங்கே இருந்தது. வடகடல் ஓரத்துப் பழைய ஐரோப்பிய மொழி ஒன்றில் காற்று என்று ஒரு சொல், கண் என்று ஒரு சொல். சந்தேகம், ஒருவேளை, இருக்கலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆர் எழுத்தைத் திருப்பினேன். ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள். வால்நட் என்றால் அந்நிய நாட்டுக் கொட்டை என்று எழுதியிருந்தார், அதையும் அடித்திருந்தேன், அதுவும் இருந்தது. எம்மைத் தாண்டி நான் அடித்தவற்றில் பாதிக்கு மேல் அவர் சொன்னதே சரி. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிப் பாடம் நடத்தாமல் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்காமல் தேனாம்பேட்டை வழியாக மயிலாப்பூர் வரை நடந்தே வந்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னது சரி, நான்தான் தவறு, என்று சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. அதைக்கூடப் பெருந்தன்மையாகச் சொல்லத் தெரிந்தவன் நான். ஆனால் அதைச் சொன்னால் ‘பார்த்தேன்’ என்று சொன்னது என்ன ஆகும்? அந்த ஒரு வார்த்தைதான் குறுக்கே நின்றது. மறுநாள் அவர் எதிரில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார், மழை வருமா என்று கேட்டார், நான் வரும் என்றேன். இப்படியே யுத்தம் முடிந்தது.

அப்புறம் ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து ஒரு காலைவேளை அவர் என் வீட்டு ரேழியில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கட்டு. இந்தத் தடவை நல்ல வெள்ளைக் காகிதம்.

"உங்க திருத்தம் ஒண்ணு விடாம பண்ணிட்டேன் சார். நீங்க அடிச்சதெல்லாம் எடுத்துட்டேன். பிரஸ்காரர் காயிதம் கெடைக்கும்னு சொல்லிக்கினு கீறாரு. இப்போ முன்னுரை தருவீங்களா?"

கட்டை வாங்கினேன். பழைய கட்டில் பாதிகூட இல்லை. அன்றைக்கே படித்தேன். நியூஸ் இல்லை, நல்லது. ரைவல் இல்லை. விண்டோ இல்லை. இருந்தவற்றிலும் குழாயடி, மாட வீதி, மாவு பிசைகிறவள் எல்லாம் போய்விட்டன. ஆதாரம் இல்லாத எதையும் வைக்கக்கூடாது என்று பயந்து, சொல், மூலம், பொருள் என்று மூன்று வரியில் முடித்திருந்தார். ஒரு தவறும் இல்லை. அவரும் இல்லை. நானே எழுதியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். புத்தகம் வரப்போகிற நேரத்தில் எதற்குக் குழப்பம், முதலில் வரட்டும், என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். உட்கார்ந்து முன்னுரை எழுதினேன். ‘இந்நூலில் ஆதாரமற்ற செய்தி ஒன்றேனும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்’ என்று முடித்தேன். அது உண்மை.

புத்தகத்தின் கடைசி பாரம் அச்சில் ஓடுகிற அன்று என்னையும் அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அச்சகக்காரர் மைக் கறையோடு ப்ரூபை நீட்டினார்.

"சார், கடசிப் பக்கத்துல முக்காவாசி காலியா கீது. எதுனா மேட்டர் இருந்தா குடுங்க, கோத்துடலாம். ஒரு சொல்லு வந்தாப் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எதுனா தோணுதா சார்?"

அச்சுக்கோப்பவர் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முக்கால் பக்கம். அந்தப் பக்கம் முழுக்க எனக்கு மனப்பாடம், இன்றைக்கும் மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல அவர் கோத்திருப்பார். அரை மணி வேலை. நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஒரு பூ பிளாக் போட்டுவிடுங்கள்" என்றேன்.

தாமரைப் பூ ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த பிளாக். அதைப் போட்டார்கள்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்தார். பழுப்புக் காகிதம், மெலிசாக இருந்தது. முதல் பக்கத்தில், பிழைகளையெல்லாம் பொறுமையாகத் திருத்தித் தந்த நண்பருக்கு நன்றி என்று அச்சிட்டிருந்தார். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. அவர் எதிரில் ஒன்றும் கேட்காமல், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகும் என்னிடம் அவள் கேட்கவில்லை.

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது எங்கள் ரேழி ஜன்னலைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை என்றைக்கோ எடுத்தாயிற்று.

"எல்லாம் சரிதான் சார். இதுல ஒரு தப்புகூடக் கெடையாது, உங்களாலதான்" என்றார். "அந்த விண்டோ மட்டும் நெசமா இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும், இல்ல?"

"ஆமாம்" என்றேன்.

அதன் பிறகும் அவர் பன்னிரண்டு வருஷம் சாந்தோமில் அதே சந்தில்தான் இருந்தார். கச்சேரி ரோடு வழியாகப் போனால் என் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை.